போர்க்கப்பல் அருகே ரோந்து விமானம்: "500 மீட்டர்" என்று செய்தி வந்தால் எதைப் பார்ப்பது?

#1 நெய்தல்

பழைய வழக்குதான். ஆனால் இந்தத் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது.

2018 டிசம்பர் 20, பிற்பகல் 3 மணி வாக்கில், ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்துக்கு அப்பால். ஜப்பானின் பி-1 ரோந்து விமானம் ஒன்று, தென்கொரிய நாசகாரிக் கப்பலான குவாங்கெத்தோவை (எண் 971) சுற்றிவந்து படம்பிடித்தது. கொரியக் கடலோரக் காவல்படையின் சம்போங் கப்பலோடு சேர்ந்து, தத்தளித்த வடகொரியப் படகு ஒன்றுக்கு உதவும் வேலையில் அந்த நாசகாரி இருந்தது. மறுநாள் ஜப்பானியப் பாதுகாப்பு அமைச்சர் இவாயா தகேஷி அறிவித்தார்: கொரியக் கப்பல் எங்கள் விமானத்தின் மீது குறிவைப்பு ரேடாரைப் பாய்ச்சியது. கொரியா மறுத்தது: நாங்கள் பாய்ச்சவில்லை, உங்கள் விமானம்தான் மிரட்டும்படி தாழப் பறந்தது.

ஜப்பானிய ஊடகங்களில் இதற்கு "ரேடார் பாய்ச்சிய பிரச்சினை" என்று பெயர். கொரிய ஊடகங்களில் இதே சம்பவத்துக்கு "மிரட்டல் தாழ்பறப்பு" என்று பெயர். பெயர் வைத்தபோதே தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. 2024 ஜூன் 1 அன்று சிங்கப்பூரில் இரு நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர்களும், யார் சொன்னது சரி என்பதை அப்படியே விட்டுவிட்டு, இனி நடக்காமல் பார்த்துக்கொள்வது என்று முடித்துக்கொண்டார்கள்.

என் கேள்வி இதுதான். இப்படி ஒரு செய்தி வந்தால், வாசகர் முதலில் எந்தத் தகவலைத் தேட வேண்டும்? யார் பக்கம் நியாயம் என்ற சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.

#2 அலைவரிசை

ரேடாரிலிருந்து தொடங்குகிறேன். செய்திகள் அதிகம் குழம்பியது அங்கேதான்.

அந்தக் கப்பலில் வெவ்வேறு வேலைக்கு வெவ்வேறு ரேடார். எம்டபிள்யூ-08 என்பது தேடல் ரேடார். சுற்றிக்கொண்டே இருக்கும், நாலாபுறமும் பார்க்கும். எஸ்டிஐஆர்-180 என்பது குறிவைப்பு ரேடார். ஒரே இலக்கின் மேல் நின்று, ஏவுகணைக்கோ பீரங்கிக்கோ வழிகாட்டும். சட்டைப்பையில் கைவிட்டவனுக்கும் துப்பாக்கியை நீட்டியவனுக்கும் உள்ள வித்தியாசம் இது. செய்தியில் வெறுமனே "ரேடார்" என்று வந்தால் அதில் சேதி எதுவும் இல்லை.

விமானத்தில் இருக்கும் மின்னணுக் கேட்பான், வந்துவிழும் அலையை நான்கைந்து குணங்களாகப் பிரிக்கும்: அதிர்வெண், துடிப்பின் அகலம், துடிப்புகளுக்கு இடைவெளி, வந்த திசை, ஆன்டெனா சுழலும் விதம். கடைசியது முக்கியம். நிமிடத்துக்கு 24 சுற்று சுழலும் ரேடார் என்றால் 2.5 நொடிக்கு ஒருமுறை மட்டும் உங்கள் மேல் படும், காதில் "பீப்... பீப்" என்று விட்டுவிட்டுக் கேட்கும். குறிவைத்து நின்றுவிட்டால் இடைவெளியே இருக்காது, ஒரே இழுப்பாக இரையும். ரேடாருக்குச் சத்தம் ஏது என்று பலர் கேட்டார்கள். நொடிக்கு 2,000 துடிப்பு வந்தால், அதை அப்படியே ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் 2,000 ஹெர்ட்ஸ் ஒலியாகக் கேட்கும், அவ்வளவுதான்.

2019 ஜனவரி 21 அன்று ஜப்பான் வெளியிட்டதும் இதைத்தான். குறிவைப்பு ரேடார் ஒலி என்று 18 நொடி, ஒப்பிட்டுப் பார்க்கத் தேடல் ரேடார் ஒலி என்று 21 நொடி. கொரியா இதை வெறும் இயந்திரச் சத்தம் என்று தள்ளிவிட்டது. ஒலியை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது என்பது சரிதான். நேரம், திசை, அதிர்வெண் மூன்றும் இல்லாத ஒலிக்கோப்பை வெளியாள் சரிபார்க்க வழியில்லை. அவற்றைக் கொடுத்தால் ஜப்பானின் கேட்பான் எவ்வளவு நுட்பமானது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். கொரியா தன் பதிவுகளைக் கொடுத்தால் கப்பலின் ரேடார் குணங்கள் வெளியே போய்விடும். இரண்டு பக்கமும் ஆதாரம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, இரண்டு பக்கமும் காட்டாமல் இருந்ததற்குக் காரணம் இது. ஊடகங்கள் இதைத் "திருட்டு முழி" என்று படித்தன. எந்த நாட்டுக் கடற்படையும் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

#3 கரைவலை

அலைவரிசை ஐயா, ஒரு சந்தேகம். ஜப்பானிய விமானக் குழு, கப்பலின் ஆன்டெனா தங்களை நோக்கித் திரும்பியிருப்பதாக வானொலியிலேயே கேட்டார்களே, அது சாட்சி ஆகாதா?

#4 அலைவரிசை

ஆகாது. எஸ்டிஐஆர் தட்டின் மேலேயே ஒரு ஒளிக்கேமரா பொருத்தியிருக்கிறது. விமானத்தைக் கேமராவில் பார்க்க வேண்டுமென்றால் தட்டும் கூடவே திரும்பும். கேமராவைத்தான் திருப்பினோம், அலையை அனுப்பவில்லை என்பது கொரியா சொன்ன விளக்கம். திரும்பியது கண்ணுக்குத் தெரியும். அலை வந்ததா என்பதைக் கேட்பான்தான் சொல்லும். பல செய்திகளில் இந்த இரண்டையும் ஒன்றாக்கி "ரேடாரைத் திருப்பியது" என்று எழுதினார்கள். திருப்புவது வேறு, பாய்ச்சுவது வேறு.

இன்னொன்று. குறிவைப்பு ரேடார் இயங்கும் எக்ஸ் அலைக்கற்றையில் (அது ஒரு அதிர்வெண் வரம்பு) சிக்னல் வந்தது என்பது மட்டும் போதாது. சரக்குக் கப்பல், மீன்பிடிப் படகு எல்லாவற்றிலும் உள்ள வழிகாட்டு ரேடாரும் 9.3 முதல் 9.5 கிகாஹெர்ட்ஸ் வரை, அதே எக்ஸ் கற்றைதான். அன்று அதே இடத்தில் சம்போங் கப்பலும் இருந்தது. ஆகவே துடிப்பு இடைவெளியும் சுழற்சி விதமும் சேர்ந்து பொருந்தினால்தான் இன்ன ரேடார் என்று சொல்ல முடியும்.

கொரிய விளக்கமும் வழியில் மாறியது. தத்தளித்த படகைத் தேட ரேடார்களை இயக்கினோம் என்பது முதலில் வந்த பேச்சு. குறிவைப்பு ரேடாரிலிருந்து அலையே போகவில்லை என்பது பிறகு வந்த உறுதியான நிலைப்பாடு. செய்தியில் எந்தத் தேதி விளக்கம் மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

#5 சாய்கோணம்

நான் தூரத்துக்கு வருகிறேன். அந்த விமானம் சுமார் 150 மீட்டர் உயரத்தில், கப்பலிலிருந்து 500 மீட்டர் தள்ளிப் பறந்தது என்பது இரு தரப்புப் பேச்சிலும் அடிபட்ட எண். ஒரே எண்ணை வைத்துக்கொண்டுதான் ஒருவர் "பாதுகாப்பான தூரம்" என்றார், மற்றவர் "மிரட்டல்" என்றார்!

படத்தைப் பார்த்துத் தூரம் சொல்ல முயல்பவர்களுக்கு ஒரு கணக்கு. பி-1 விமானத்தின் இறக்கை அகலம் 35.4 மீட்டர். 540 மீட்டர் தூரத்தில் அதை 200 மி.மீ. லென்ஸில் எடுத்தால், 36 மி.மீ. அகலமுள்ள முழுச் சட்டக சென்சாரில் இறக்கை 13 மி.மீ. வரும். கிட்டத்தட்டப் படத்தின் மூன்றில் ஒரு பங்கு. அதே விமானத்தை 1,620 மீட்டரில் 600 மி.மீ. லென்ஸில் எடுங்கள். அதே 13 மி.மீ.தான். விமானத்தை மட்டும் வெட்டி அச்சிட்டால் இரண்டு படத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. எந்த லென்ஸ், எவ்வளவு வெட்டினார்கள் என்று தெரியாமல் "பார், தலைக்கு மேலேயே பறக்கிறது" என்று சொல்வதில் அர்த்தம் இல்லை.

உயரத்துக்கு வேறு வழி. அடிவானக் கோடு படத்தில் இருக்க வேண்டும். கேமரா நீர்மட்டத்திலிருந்து 15 மீட்டர் உயரத்தில் இருந்தால், 15 மீட்டரில் பறக்கும் எதுவும் அடிவானக் கோட்டின் மேல் சரியாக உட்காரும். அதைவிட உயரத்தில் இருப்பது மேலே தெரியும். 500 மீட்டர் தூரத்தில், 150 மீட்டர் உயரத்தில் போகும் விமானம் அடிவானத்துக்கு மேல் 15 டிகிரி நிற்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஏறக்குறைய 10 டிகிரி, ஆக ஒன்றரை முஷ்டி. 540 மீட்டர் தூரம், 65 மீட்டர் உயரம் என்றால் 5 டிகிரிக்குச் சற்று மேல், மூன்று விரல். இந்த வித்தியாசம் கண்ணாலேயே தெரியும். அதனால்தான் கடலும் அடிவானமும் இல்லாமல், ஆகாயப் பின்னணியில் வெட்டிய படத்தைக் கண்டால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

65 என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 2019 ஜனவரி 23 அன்று இயோடோ பாறை அருகே ஜப்பானின் பி-3 ரோந்து விமானம் கொரிய நாசகாரியான தேஜோயோங்குக்கு 540 மீட்டர் தூரத்தில், 60 முதல் 70 மீட்டர் உயரத்தில் வந்தது என்று கொரியா அறிவித்து, மறுநாள் ஐந்து படங்களை வெளியிட்டது. ஜப்பான் 150 மீட்டருக்குக் குறையவில்லை என்றது.

#6 கரைவலை

இரண்டு பேருமே கருவி வைத்து அளக்கிறார்கள். 65க்கும் 150க்கும் எப்படி இவ்வளவு இடைவெளி வரும்?

#7 சாய்கோணம்

யார் பொய் என்று நான் சொல்லப் போவதில்லை. எங்கே பிழை நுழையலாம் என்று மட்டும்.

விமானத்தில் காற்றழுத்த உயரமானி என்றால், கடல்மட்டத்துக்கு அருகே 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) மாறினால் 8 மீட்டர் கணக்கு. அழுத்த அமைப்பை 5 ஹெக்டோபாஸ்கல் தவறாக வைத்தால் 40 மீட்டர் போயிற்று. தாழப் பறக்கும்போது ரேடியோ உயரமானியைத்தான் பார்ப்பார்கள், அது நீர்மட்டத்திலிருந்து நேராக அளக்கும். அதில் இந்தப் பிழை வராது. கப்பல் பக்கம், தாழப் பறப்பதை ரேடாரில் அளந்தால் நேராக வரும் எதிரொலியோடு கடல்பரப்பில் பட்டு வரும் எதிரொலியும் கலக்கும். உயரம் ஆடும். தூரம் மட்டும் துல்லியமாக இருக்கும். அதனால் கப்பல் சொல்லும் தூரத்துக்கு அதிக மதிப்பு, உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று நான் எடுத்துக்கொள்வேன்.

எண்ணைவிடப் பாதை முக்கியம். அடையாளம் காணவரும் ரோந்து விமானம் வழக்கமாகக் கப்பலின் பக்கவாட்டில் இணையாகப் போகும், பின்புறம் சுற்றி மறுபக்கம் வரும், நேர் மேலே தாண்டாது. எண், ஆன்டெனாக்கள், தளத்தில் உள்ள ஹெலிகாப்டர் எல்லாவற்றையும் படம் எடுக்க அதுவே வசதி. தாக்குதல் பாதை என்றால் மூக்கு கப்பலை நோக்கி இருக்கும், கப்பலிலிருந்து பார்த்தால் திசை மாறாமல் உருவம் மட்டும் பெரிதாகும். 200 நாட் வேகத்தில் நொடிக்கு 103 மீட்டர். 500 மீட்டர் என்பது ஐந்து நொடி. பக்கவாட்டில் போகிறவனுக்கு அந்த ஐந்து நொடி பொருட்டில்லை. மூக்கை நீட்டி வருகிறவனிடம் கப்பல் தலைவருக்கு இருப்பது அந்த ஐந்து நொடிதான். "எவ்வளவு அருகில்" என்று எழுதும் செய்தியாளர் "எந்தப் பக்கமாக" என்றும் ஒரு வரி எழுதலாம்.

#8 நெய்தல்

150 மீட்டர் என்பது சர்வதேசச் சட்டம் என்று ஜப்பான் தரப்பு திரும்பத் திரும்பச் சொன்னதே?

#9 பிழைதிருத்தி

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதியில் 150 மீட்டர் இருக்கிறது, உண்மை. ஆனால் அந்த அமைப்புக்கே அடிப்படையான சிகாகோ உடன்படிக்கையின் 3ஆம் பிரிவு, அந்த உடன்படிக்கை அரசு விமானங்களுக்குப் பொருந்தாது என்று தெளிவாகச் சொல்கிறது. ராணுவ விமானம் அரசு விமானம். கொரியா பிடித்துக்கொண்ட இடமும் அதுதான். 150 என்பது ஜப்பான் தனக்குத் தானே வைத்துக்கொண்ட அளவுகோல் என்று எழுதினால் சரி. "சர்வதேசச் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட உயரம்" என்று எழுதினால் தவறு.

மறுபக்கமும் பாருங்கள். 1972 மே 25 அன்று அமெரிக்காவும் சோவியத்தும் மாஸ்கோவில் கையெழுத்திட்ட கடல் சம்பவ ஒப்பந்தத்தில் மீட்டர் கணக்கே கிடையாது. மிகுந்த எச்சரிக்கை வேண்டும், தாக்குவதுபோல் பாசாங்கு கூடாது, கப்பலுக்கு மேல் சாகசப் பறப்பு கூடாது, ஆபத்தாகப் பொருட்களைப் போடக் கூடாது, அவ்வளவே. அதற்கு நான்கு ஆண்டு முன்பு, 1968 மேயில், நார்வே கடலில் எஸ்ஸெக்ஸ் விமானந்தாங்கிக் கப்பலை ஒட்டித் தாழப் பறந்த சோவியத் டியூ-16 விமானம் ஒன்று திரும்பும்போது கடலில் விழுந்து, உள்ளே இருந்த அனைவரும் இறந்தார்கள். சுட்டு வீழ்த்தப்படவில்லை, தாழப் பறந்து திரும்பியதே காரணம்.

2014 ஏப்ரலில் சீனாவின் சிங்தாவ் நகரில் மேற்குப் பசிபிக் கடற்படைகள் ஏற்ற கியூஸ் (கடலில் எதிர்பாராமல் சந்திக்கும்போது நடந்துகொள்ளும் முறை) நடத்தை நெறியும் அப்படித்தான். குறிவைப்பு ரேடாரை எதிரே வருபவர் மீது நீட்டுவதைத் தவிர்க்கச் சொல்கிறது, கப்பல் அருகே பாசாங்குத் தாக்குதலையும் தவிர்க்கச் சொல்கிறது. அதுவும் சட்டமாகக் கட்டுப்படுத்தாது. ஜப்பான் முதல் வரியைக் காட்டியது, கொரியா இரண்டாம் வரியைக் காட்டியது.

வந்ததற்கு மொழிபெயர்ப்புப் பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்ச் செய்திகளில் அடிக்கடி வருபவை இவை.

"வான்வெளிக்குள் அத்துமீறல்" என்ற தொடர். கரையிலிருந்து 12 கடல்மைல், அதாவது 22.2 கி.மீ. வரைதான் ஒரு நாட்டின் கடலும் அதன் மேலுள்ள வானமும். 200 கடல்மைல் வரை போகும் பொருளாதார மண்டலத்தில் மீனும் எண்ணெயும் அந்த நாட்டுடையவை, வானம் எல்லோருக்கும் பொது. வான் பாதுகாப்பு அடையாள வலயம் (வரும் விமானம் யார் என்று கேட்க ஒரு நாடு தானே வரைந்துகொள்ளும் பகுதி) என்பது அதற்கும் அப்பால் நீளலாம், அது எல்லைக்கோடே அல்ல. மூன்றையும் "வான்வெளி" என்று ஒரே சொல்லில் அடைத்தால் சாதாரண ரோந்துகூடப் படையெடுப்பு போலத் தெரியும்.

"இடைமறித்தது" என்றால் பக்கத்தில் பறந்து யார் என்று பார்த்தது என்றே பெரும்பாலும் பொருள். "விரட்டியடித்தது" என்று மாறும்போது, ரோந்து விமானம் உண்மையில் பாதை மாற்றியதா என்று செய்தியில் தேடுங்கள். பல சமயம் அந்த வரி இருக்காது.

#10 காட்சிப்பிழை

வீடியோவைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஜப்பான் டிசம்பர் 28 அன்று வெளியிட்டது 13 நிமிடச் சொச்சம், விமானத்திலிருந்து எடுத்தது. கொரியா ஜனவரி 4 அன்று வெளியிட்டது 4 நிமிடம் 26 நொடி, அதில் கொரியர்களே எடுத்த காட்சி பத்து நொடி அளவுதான். மீதி ஜப்பானியக் காட்சிக்கே எழுத்தும் பின்னணி இசையும் சேர்த்தது. ஒன்று நீளம் என்பதால் உண்மை ஆகிவிடாது, எங்கே வெட்டினார்கள் என்பது அதிலும் கேள்விதான். ஆனால் இசை சேர்த்த ராணுவ ஆதாரம் என்றால் நான் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பேன்.

வானொலியும் உண்டு. விமானம் 156.8, 121.5, 243 மெகாஹெர்ட்ஸ் என்ற மூன்று அவசர அலைவரிசைகளிலும் கப்பலைக் கூப்பிட்டது. இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை, கடலோரக் காவல்படையைக் கூப்பிடுவதாக நினைத்தோம் என்றது கொரியா. விமானத்துக்குள் பதிவான ஒலியில் பேச்சு தெளிவாகத்தான் இருக்கும், அனுப்பியவரின் பதிவு அல்லவா. கப்பலில் எப்படிக் கேட்டது என்பதைக் கப்பலின் பதிவில்தான் கேட்க வேண்டும். தொலைக்காட்சி விவாதங்களில் இதைக் கவனித்தவர்கள் குறைவு.

கடைசியில் 2019 ஜனவரி 25 அன்று இவாயா விமானிகள் பாணி ஜாக்கெட் போட்டுக்கொண்டு ரோந்து விமானங்கள் இருக்கும் அட்சுகி தளத்துக்குப் போனார். மறுநாள் கொரியப் பாதுகாப்பு அமைச்சர் அதே பாணி ஜாக்கெட்டில் பூசான் கடற்படைத் தளத்துக்குப் போனார். கேமராவுக்கு வேறென்ன வேண்டும்.

#11 துறைமுகம்

இதெல்லாம் சில்லறை. 2014இல் கருங்கடலில் ஒரு ரஷ்ய சு-24 போர்விமானம், அமெரிக்கப் போர்க்கப்பலான டொனால்ட் குக்கின் ஏஜிஸ் என்ற ரேடார்-ஏவுகணை அமைப்பையே கிபினி என்ற மின்னணு இடையூறு கருவியால் அணைத்துவிட்டதே. பயந்து 27 மாலுமிகள் ராஜினாமா செய்தார்கள். அதை ஏன் யாரும் எழுதுவதில்லை?

#12 அலைவரிசை

எழுதினார்கள், அளவுக்கு அதிகமாகவே எழுதினார்கள். நடந்தது: 2014 ஏப்ரல் 12, ஒரு சு-24 ஏறத்தாழ 90 நிமிடத்தில் 12 முறை கப்பலுக்கு அருகே வந்து போனது, ஆயுதம் தெரியவில்லை. அவ்வளவுதான். கிபினி என்பது சு-34 விமானத்துக்கான கருவி. சு-24இல் அது பொருத்தப்படுவதில்லை என்று தயாரித்த ரஷ்ய நிறுவனமே சொல்லிவிட்டது. அமெரிக்க மாலுமிகள் ஒப்பந்தக் காலத்துக்குக் கட்டுப்பட்டவர்கள், நினைத்த நாளில் கடிதம் நீட்டிவிட்டு இறங்க முடியாது. 2017 ஏப்ரலில் ரஷ்ய அரசுத் தொலைக்காட்சி இந்தக் கதையை மறுபடி ஓட்டியது. அதைப் பிரிட்டனின் சன் நாளிதழ் எடுத்தது, அங்கிருந்து அமெரிக்காவின் ஃபாக்ஸ் நியூஸ் எடுத்தது. ரஷ்யப் பெருமைக் கதை அமெரிக்க ஊடகம் வழியாகத் திரும்பிவந்ததும் "அமெரிக்கர்களே ஒப்புக்கொண்டார்கள்" என்று இன்னொரு சுற்று.

அதே கப்பலுக்கு 2016 ஏப்ரலில் பால்டிக் கடலில் நடந்தது இதைவிட ஆபத்தானது. ரஷ்ய விமானங்கள் இரண்டு நாளில் பலமுறை வந்தன, மிக அருகே வந்தது 30 அடி என்றது அமெரிக்கா. முதல் நாள் கப்பல் தளத்தில் ஹெலிகாப்டர் இறங்கும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது, நிறுத்த வேண்டியதாயிற்று. கப்பல் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்பது முக்கியம் என்று 1972 ஒப்பந்தம் தனியாகச் சொல்வது இதனால்தான்.

#13 காட்சிப்பிழை

விமானமே வராமல் சம்பவம் உண்டாக்கியதும் இருக்கிறது. 2021 ஜூன் 18 இரவு பிரிட்டனின் டிஃபெண்டர், நெதர்லாந்தின் எவர்ட்சன் என்ற போர்க்கப்பல்கள் உக்ரைனின் ஒடெசா துறையில் கட்டிக்கிடந்தன, நேரலைக் கேமராவில் தெரிந்தது. அதே நேரத்தில் ஏஐஎஸ் (கப்பல்கள் தம் இடத்தைத் தாமே வானொலியில் அறிவிக்கும் அமைப்பு) வரைபடத்தில் அவை கிரிமியாவில் ரஷ்யக் கடற்படைத் தளம் உள்ள செவஸ்தோபோலை நெருங்கிக்கொண்டிருந்தன! ஐந்து நாள் கழித்து டிஃபெண்டர் உண்மையாகவே கிரிமியா கரையோரம் போனது. பாதையில் சு-24 குண்டு போட்டதாக ரஷ்யா சொன்னது, அப்படி எதுவும் இல்லை என்று பிரிட்டன் மறுத்தது. கப்பலிலேயே பிபிசி செய்தியாளர் இருந்ததால்தான் விமானங்கள் சூழ்ந்தது, வானொலி எச்சரிக்கை, தூரத்துச் சூட்டுச் சத்தம் எல்லாம் வெளியே வந்தன. ஏஐஎஸ் படத்தை மட்டும் ஆதாரமாகப் போட்ட செய்தியை நம்ப வேண்டாம்.

#14 சாய்கோணம்

முழு எண்ணையும் வெளியிட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். 2022 பிப்ரவரி 17, அராஃபுரா கடல். சீனப் போர்க்கப்பல் தன் பி-8ஏ ரோந்து விமானத்தின் மீது லேசர் அடித்தது என்றது ஆஸ்திரேலியா. விமானம் 4 கி.மீ. வரை நெருங்கி வந்து சோனார் மிதவை (நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவி) போட்டது என்றது சீனா. ஆஸ்திரேலியா மறுக்கவில்லை, வரிசையைச் சொன்னது: லேசர் பட்டபோது 7.7 கி.மீ. தூரம், 457 மீட்டர் உயரம்; மிக அருகே போனது ஏறக்குறைய 4 கி.மீ.; மிதவை போட்டது லேசருக்குப் பிறகு, கப்பலுக்கு வெகு முன்னால். இரண்டு தரப்பும் சொன்ன 4 கி.மீ. உண்மைதான். எது முதலில் என்பதில்தான் செய்தி இருந்தது. தலைப்பில் 4 கி.மீ.யையும் லேசரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது காணாமல் போகும்.

#15 கரைவலை

நம்ம அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து 2013 முதல் கடற்படையின் பி-8ஐ ரோந்து விமானம் பறக்கிறதே. இந்தியாவுக்கு இப்படி எண் வைத்த ஒப்பந்தம் உண்டா?

#16 பிழைதிருத்தி

பாகிஸ்தானோடு உண்டு. 1991 ஏப்ரல் 6 அன்று கையெழுத்தான, ராணுவப் பயிற்சிகளை முன்கூட்டி அறிவிக்கும் ஒப்பந்தம். சர்வதேசக் கடலில் இரு நாட்டுப் போர்க்கப்பல்களும் நீர்மூழ்கிகளும் ஒன்றையொன்று 3 கடல்மைலுக்குள் நெருங்கக் கூடாது. விமானங்களுக்கு அதிலும் எண் இல்லை. மற்றவர் கப்பல்கள் மேல் உரசுவதுபோல் பறப்பதைத் தவிர்க்க வேண்டும் என்பது மட்டும்தான்.

#17 நெய்தல்

நன்றி. முதல் பதிவின் கீழே சேர்க்கிறேன்: கப்பலுக்குக் கப்பல் 3 மைல், 4.8 கி.மீ.

#18 பிழைதிருத்தி

கடல்மைல், அண்ணா. 5.56 கி.மீ.

#19 நெய்தல்

திருத்திவிட்டேன்.